நாற்பத்தோராவது படிவம்

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வீட்டில் படுத்திருந்த ஒரு வாரத்தில்தான் நான் அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். பேச முடியாது, மெல்ல முடியாது, படித்தால் தலை வலிக்கும். தொலைக்காட்சியைத் தவிர வேறு வழியில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சலவைக் கடை நடத்தும் ஒரு கூட்டுக்குடும்பம், அதில் வாயில்லாப் பூச்சியாக ஒரு சின்ன மருமகள். ஆறு வருடம் ஓடியது. கதையில் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் இணையத்தில் ஒரு மன்றம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அந்த மருமகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஊடகத் துறையில் பதினேழு வருடமாகப் பாடம் எடுப்பவள் நான். தொடரை விட அதன் கீழே எழுதப்படுபவைதான் சரக்கு என்பது எனக்கு அன்றே புரிந்தது.

மூன்று வருடம் அந்தப் பின்னூட்டங்களைச் சேகரித்தேன். புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று பல்கலைக்கழகப் பதிப்பகம் சொன்னபோது, எங்கள் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது. யாருடைய வரிகளை அப்படியே எடுத்தாள்கிறேனோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குழுவின் தலைவர் வேதியியல் பேராசிரியர். மீசைக்கு மட்டும் மை பூசுவார், தலைக்குப் பூச மாட்டார். மனிதர்களோடு வேலை செய்யாதவர்களுக்குத்தான் மனிதர்களைப் பற்றி இவ்வளவு கவலை இருக்கும். இருந்தாலும் நான் மறுப்புச் சொல்லவில்லை. பொதுவெளியில் எழுதியதை எடுத்துக்கொள்ள அனுமதி எதற்கு என்று மற்றவர்கள் வாதாடுவார்கள். நான் கேட்டேன். நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குப் பெயர் கிடையாது, மன்றத்தில் வைத்துக்கொண்ட புனைபெயர்தான். சோடாபுட்டி என்று ஒருவர் அரை மணி நேரத்தில் பதில் போட்டார். "என் சொந்தப் பேரையே போடுங்க மேடம், வேலவெட்டி இல்லாம எழுதிட்டு இருக்கேன்னு திட்டுற எங்கம்மாவுக்குக் காட்டணும்" என்றார். ஆறாம்விரல் என்பவர் தன் எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போட முடியுமா என்று கேட்டார். கோடைமழை என்ற பெண் தன் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பினாளாம். ஊர் பேர் தெரியாத இந்த மனிதர்களுக்கு ஒரு புத்தகத்தில் இரண்டு வரி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மூன்று வாரத்தில் நாற்பது படிவம் வந்துவிட்டது.

நாற்பத்தோராவது ஆள் அரைத்தூக்கம். அவள்தான் இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறாள்.

அரைத்தூக்கம் எழுதிய பின்னூட்டங்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அத்தனையையும் நான் அச்செடுத்து, எண் போட்டு, துளையிட்டு, ஒரு நீல அட்டைக் கோப்பில் வைத்திருந்தேன். மற்றவர்கள் மருமகளுக்காக அழுதார்கள், மாமியாரைச் சபித்தார்கள். இவள் அப்படியெல்லாம் எழுதவில்லை. ஒரு மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்: "சாவி பூட்டுக்குள்ள போற சத்தத்துலயே அவளுக்குத் தெரிஞ்சிடும். ஒரே தடவையில போச்சுன்னா இன்னைக்குப் பேசலாம். தடவித் தடவிப் போச்சுன்னா, கழுவுன பாத்திரத்தக்கூட எடுத்து அடுக்கக் கூடாது."

இதைப் படித்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து, துறை அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தேன். என் நான்காம் அத்தியாயம் முழுவதும் அவள் மேல்தான் நிற்கிறது. அவளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உமி.

அவளுடைய பதில் பத்து நாள் கழித்து வந்தது. நன்றாகவே தொடங்கியிருந்தாள். "நான் எழுதுனத நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு நன்றி மேடம். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஆனா வேண்டாம் மேடம். புத்தகத்துல வந்தா எங்க வீட்ல கண்டுபிடிச்சிடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்."

நான் பொறுமையாக விளக்கினேன். புனைபெயரையும் மாற்றிவிடுகிறேன், யாராலும் அடையாளம் காண முடியாது என்றேன். அதற்கு ஒரே ஒரு வரி வந்தது: "பேர மாத்தினாலும் பேச்சு என் பேச்சுதான மேடம்."

அந்த வரியையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். அவ்வளவு நல்ல வரி. பிறகு மன்றத்தில் போய்ப் பார்த்தால், தன்னுடைய இருநூற்றுப் பதினான்கையும் அழித்துவிட்டிருந்தாள். ஒருத்தி தன் வீட்டைத் தானே கொளுத்துவதைப் பார்ப்பது போல இருந்தது. நல்லவேளையாக என்னிடம் எல்லாம் இருந்தன. அன்றிலிருந்து அந்த எழுத்து உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. என் அலமாரியில்.

உங்கள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றும். முயன்றேன். அவள் சொன்னதை என் சொற்களில் மாற்றி எழுதிப் பார்த்தேன். 'கணவனின் மனநிலையை ஒலிக்குறிப்புகள் வழியே முன்கணிக்கும் மனைவி' என்று வந்தது. என் அறையில் பக்கத்து மேசையில் இருப்பவர் மொழியியல்காரர். வாங்கிப் படித்துவிட்டு, "என்னம்மா இது, செத்த பாம்ப நீட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு என் மேல் பிரியம் கிடையாது. ஆனால் சொன்னது சரி.

ஆகவே நாற்பத்தோராவது படிவத்தை நானே நிரப்பினேன். நாற்பது கையெழுத்துகளைப் பார்த்தவளுக்கு இன்னொன்று எப்படி இருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் போட்டேன். கூச்சமுள்ளவர்கள் அப்படித்தான் போடுவார்கள். வேதியியல்காரர் படிவங்களை எண்ணினார், படிக்கவில்லை. நாற்பத்தொன்று இருந்தது, முத்திரை குத்தினார்.

புத்தகம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் மதிப்புரை. நடுவில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் சாவி வரிகள். புனைபெயரை மாற்றவில்லையா என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். மாற்றவில்லை. அனுமதி தராதவளுக்கு நான் எதற்குச் சலுகை செய்ய வேண்டும்? தவிர, அரைத்தூக்கம் என்ற பெயரை விடச் சிறந்த ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நெறிமுறைக் குழுவிலிருந்து ஓர் உறை வந்தது. அவள் புகார் கொடுத்திருந்தாள். தான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அந்தப் பக்கங்களை நீக்க வேண்டும் என்று. பதினைந்து நாளில் நான் விளக்கம் தர வேண்டும், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை இரு தரப்பும் நேரில் வர வேண்டும். விதிப்படி புகாரின் நகல் ஒன்றை இணைத்திருந்தார்கள். அதில் அவளுடைய சொந்தப் பெயர், வேலை செய்யும் கடை, வீட்டு முகவரி எல்லாம் இருந்தன. அவளைப் பாதுகாக்கத்தான் அந்தக் குழு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நான் தேடவில்லை. அவர்களே தட்டில் வைத்து நீட்டினார்கள்.

எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அந்த வியாழக்கிழமைக்கு ஒரு வாரம் கழித்து. பதினேழு வருடம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நான் போனேன். மிரட்டப் போனதாக அவளுடைய அக்கா சொல்லியிருக்கிறாள். கிடையாது. எனக்கு உண்மையிலேயே கண் பரிசோதனை தேவைப்பட்டது. உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, கனமான ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்தாள். ஒல்லியான பெண். முப்பத்தைந்து இருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரப்படாதீங்க. இன்னொரு தடவை காட்டுறேன்."

குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுதுவது போலவேதான் பேசினாள். பெயர் எழுதும்போது என் பெயரையும் துறையையும் சொன்னேன். கையில் இருந்த வில்லையைத் துடைத்து, பெட்டியில் அதற்குரிய குழியில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இங்க எதுக்கு மேடம் வந்தீங்க?"

"புகார வாபஸ் வாங்கிடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. அன்னைக்கே வாங்கிக்கறேன்."

"அச்சடிச்சது அச்சடிச்சதுதான். திரும்ப எடுக்க முடியாது."

"அப்ப கொடுத்ததும் கொடுத்ததுதான் மேடம்."

வார்த்தைக்கு வார்த்தை. எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று பேப்பரில் வந்த கட்டத்தை அவளுடைய நாத்தனார் படித்தாளாம். "'இது உங்கள மாதிரியே இருக்கே அண்ணி'ன்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு இன்னும் புரியல. புரிஞ்சா அவங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவாங்க. அவரு தெரிஞ்சுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும் மேடம். அதுக்குத்தான் கேக்குறேன். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"நீங்க எழுதினது ஒரு தொடரப் பத்தி. இதுல பயப்பட என்ன இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க படிச்சவங்க மேடம். உங்களுக்குத் தெரியும்."

நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை கூடவே வந்தாள். அங்கே நின்றுகொண்டு, சண்டை போடும் குரலில் இல்லாமல், நிஜமாகவே புரியாதவள் மாதிரி கேட்டாள்:

"நீங்க கேட்டீங்க. நான் வேண்டாம்னேன். அப்புறம் எதுக்கு மேடம் கேட்டீங்க?"

இதை ஓர் ஆசிரியரிடம் கேட்கும் முறை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் சொன்னது உண்மை, எனக்குத் தெரியும். இருநூற்றுப் பதினான்கையும் படித்தவள் நான். அந்தத் தொடரில் கீழே சலவைக் கடை, மேலே வீடு. எந்நேரமும் ஆள் நடமாட்டம். வாசல் கதவுக்குப் பூட்டு என்ற ஒன்றையே ஆறு வருடத்தில் காட்டியதில்லை. அந்த மருமகளின் கணவன் கை நீட்டுகிறவனும் இல்லை, அசடு. அரைத்தூக்கம் எழுதிய கணவன் வேறு ஆள். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு போட வேண்டும். அவன் வலது கையால் அடிப்பதில்லை, ஏனென்றால் மோதிரம் தடம் வைத்துவிடும். இவையெல்லாம் ஐம்பது, அறுபது பின்னூட்டங்களில் சிதறிக் கிடந்தன. மற்றவர்கள் அதைக் கற்பனை என்று பாராட்டினார்கள். நான் ஆய்வாளர். முதல் மாதத்திலேயே அட்டவணை போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கோபமாக யோசிக்கவில்லை. என் கணவர் எதிரே உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, கோட்டையப் பிடிக்கப் போறியா?" என்று கேலி செய்தார். நான் சிரித்தேன். கணக்கு எளிமையானது. அவளுடைய புகாரின் உயிர்நாடி ஒரே ஒரு விஷயம்: வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்துவிட்டால்? அப்புறம் பயப்பட ஒன்றுமில்லை. மறைக்க ஒன்றுமில்லாதபோது பக்கத்தை எடுக்கச் சொல்லவும் காரணமில்லை. புகார் தானாக விழுந்துவிடும். நாத்தனாருக்கு எப்படியும் ஒரு நாள் புரியத்தான் போகிறது. என்றைக்கோ நடக்கப் போவதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவதில் என்ன வித்தியாசம்?

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: 'இந்த நூலின் மிகச் சிறந்த வரிகளை எழுதியவரின் கணவருக்கு, மரியாதையுடன்.' நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒன்றைச் செருகி, மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் மோதிரம் வருகிறது. அதை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். அழித்துவிடலாம் என்பதால் பென்சில். புத்தகங்களில் பேனாவால் கோடு போடுவது எனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை மதியம் கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். புத்தகம்தான் என்றேன். "உள்ளூர்தான, நாளைக்குப் பத்து, பதினொன்னுக்குப் போயிடும்" என்றார். அது போதும் என்று சொன்னேன். ரசீதின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. என் கையெழுத்துத்தான், சந்தேகம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மதியம் வகுப்பு. நேர்காணல் முறை பற்றிப் பாடம். தகவல் தருபவரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று நடத்தினேன். பிள்ளைகள் நன்றாகக் கவனித்தார்கள்.

அடுத்த வீட்டில் தையல் வேலை செய்யும் பெண் உங்களிடம் சொன்னதைத்தான் நானும் பேப்பரில் படித்தேன். ஒரு மணிக்கு அரைத்தூக்கம் வீட்டுக்கு வந்தாள். கதவு உள்பக்கம் பூட்டியது. புத்தகத்தை உரக்கப் படிக்கும் ஆண் குரல் கேட்டது, அவளை நிற்கவைத்துப் படித்திருக்கிறார். அதற்கப்புறம் அந்தத் தையல்காரப் பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை. ஆட்களைக் கூட்டி வந்து உடைப்பதற்குள் இருபது நிமிடம். மூன்று நாள் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்து, வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, குழு கூடியது. நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். வேதியியல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், பதினைந்து நிமிடம் காத்திருந்தார், புகார்தாரர் வராததால் முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதினார். வெளியே வரும்போது, "இப்பிடித்தாம்மா, புகார் கொடுக்குறாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நேர்காணல் நல்லபடியாக நடந்தது.

இப்போது நீங்கள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்பதற்கு வருகிறேன். அவளுடைய கணவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். நூற்று எண்பத்தெட்டாவது பின்னூட்டத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: "அவ மனசுல இதெல்லாம் ஓடுதுன்னு அவனுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு, அவ இருக்க மாட்டா." தேதியோடு என்னிடம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை அனுப்பினேன். கிழமை பார்த்துத்தான் அனுப்பினேன். அவர் கை செய்தது, நான் செய்யவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அந்த மனிதருக்கு நூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் புத்தி கிடையாது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கெட்ட எண்ணம் என்று எழுதாதீர்கள். ஒரு மனிதரோடு பதினோரு வருடம் வாழ்ந்து, அவரை அணு அணுவாகக் கவனித்து, இவ்வளவு துல்லியமாக ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு வாசகர் அவர்தான். அவரிடம் அது போய்ச் சேராமலே இருந்திருந்தால், எழுதியதற்கு என்ன அர்த்தம்?

போன மாதம் அவளுடைய அக்கா என் துறைக்கு வந்தாள். அப்போது உங்களுக்கு இந்த மஞ்சள் தாள் விவகாரம் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கத்தப் போகிறாள் என்று மொழியியல்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கத்தவில்லை. உட்காரக்கூட இல்லை. மேசை மேல் இருந்த நீலக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எழுதுனதெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா? முழுசா?"

"ஒரு வரி விடாம."

"எங்க யாருக்கும் அவ ஒண்ணும் சொன்னதில்லங்க. சிரிச்சிட்டே போயிடுவா. மூணு வருசமா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே குனிந்து, சத்தமில்லாமல், வெகு நேரம் அழுதாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. ஏன் அழுதாள் என்று அவளிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கு அதில் குழப்பம் இல்லை. தன் தங்கையை இந்த உலகத்தில் ஒருத்தியாவது முழுதாகப் படித்திருக்கிறாளே என்ற நன்றியில்தான் அவள் அழுதாள்.